கிராணியாரின் வெஸ்பா

கனகலிங்கம் கிராணியார் தமது பழைய வெஸ்பாவைத் தாமே பிரித்துப் பூட்டுவதாகக் கோலா குபு பாரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தபால் நிலையத்தில் சொன்னார், கோயிலில் சொன்னார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டும் சொன்னார். நிஜத்தில் வேலை நடந்த ஐந்து மாதமும் அவர் விரலில் பட்ட கறை பேனா மை ஒன்றுதான். பிரித்தவனும் சன்னாசி, பூட்டியவனும் சன்னாசி.

சன்னாசி, ராசா என்ற சிற்றூருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆலை என்ஜினைப் பார்த்துக்கொள்பவன். நாற்பத்துமூன்று வயது. எழுத்து வாசனை கிடையாது. ஆனால் என்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அதே தோட்டத்தில்தான் கனகலிங்கம் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தார். இலங்கைப் பருத்தித்துறையிலிருந்து இருபது வயதில் மலாயாவுக்குக் கப்பலேறி வந்து, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவாக, அதாவது சின்னக் கிராணியாக நுழைந்து, பெரிய கிராணியாக ஓய்வு பெற்று, ஊருக்குள் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனவர். தோட்டத்தை விட்டுப் பத்து வருஷமாகியும் தோட்டத்து ஆட்கள் அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குச் சன்னாசி ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் போனானே, கூலிக்கா? கூலி என்ற பேச்சே எழவில்லை. அவன் போனது ஒரு கையெழுத்துக்கு.

சன்னாசியிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. இந்த மண்ணிலேயே பிறந்து இந்த மண்ணிலேயே மூட்டு தேய உழைத்தவன்தான். ஆனால் பிறந்ததற்குக் காகிதம் இல்லை. தோட்டத்து ஆபீசில் இருந்த பிறப்புப் புத்தகம் ஜப்பான்காரன் காலத்தில் ஆபீசோடு சேர்ந்து எரிந்து போயிற்று. அவன் மனைவி சின்னத்தாய் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள், இங்கே பிறந்தவள் என்று கேட்கும் வழிகூட அவளுக்கு இல்லை. எண்பத்திரண்டாம் வருஷம் தோட்டம் கைமாறியது. ஆட்கள் குடியிருந்த லயங்களை இடிக்கப் போகிறார்கள் என்று உறுதியாகிவிட்டது. ராசாப் பக்கம் கட்டுகிற மலிவு வீட்டுக்கு எழுதிப் போடலாம்தான், ஆனால் குடிமக்களுக்கான நீலக் கார்டு இருந்தால்தான் மனுவையே வாங்குவார்கள். நீலக் கார்டு வேண்டுமென்றால், 'இவன் இன்ன தோட்டத்தில் பிறந்தவன், எனக்கு நேரில் தெரியும்' என்று அந்தக் காலத்தில் அங்கே உத்தியோகம் பார்த்த ஒருவர் சத்தியக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அப்படி உயிரோடு மிஞ்சியிருந்தவர் கனகலிங்கம் ஒருவர்தான்.

சன்னாசி முதல் தடவை போய்க் கேட்டபோது அவர் சாய்வு நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. கொல்லைப்புறக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடியிருந்ததைக் கையால் காட்டினார்.

"துரை ஊருக்குப் போகேக்குள்ளை எனக்குத் தந்த வண்டி. பதினைஞ்சு வருஷமா நிக்குது. ஓட வை. நான் அதிலை ஏறிக் கோயிலுக்குப் போற அண்டைக்கு உன்ரை கடுதாசியிலை கையெழுத்து."

"செஞ்சுரலாங்கையா" என்றான் சன்னாசி. அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. என்ஜினைத்தானே கேட்டார், வானத்து நட்சத்திரத்தையா கேட்டார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனான். பாவம்.

வண்டியின் பிஸ்டன் சிலிண்டருக்குள் துருவேறி இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்து மெல்ல மெல்லத் தட்டித்தான் அதை வெளியே எடுக்க முடிந்தது. சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ரவாங் போய்த் துளையைப் பெரிதாக்கிக் கடைந்து, அதற்கேற்ற புது பிஸ்டனும் அதைச் சுற்றி மாட்டும் ரிங்கும் வாங்கி வந்தான். என்ஜினின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே வைக்கும் அட்டையைத் தோட்டத்துப் பழைய கோப்பின் மேலட்டையிலிருந்து வெட்டினான். பேரிங்கைக் கழற்ற என்ஜின் கூட்டைச் சூடாக்க வேண்டியிருந்தது. அடுப்பை வீட்டுக்காரர் தரவில்லை, முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி விறகு வைத்துச் சூடாக்கினான்.

இதெல்லாம் கஷ்டமே இல்லை. கஷ்டம் கிராணியார்தான். அவரிடம் அந்த வண்டியின் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. நாற்காலியைக் கொட்டகை வாசலில் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அதைப் பக்கம் பக்கமாக வாசிப்பார். வாசித்த பக்கத்தில் உள்ள வேலையைத்தான் சன்னாசி செய்யலாம். ஒருநாள் அவர் ஒன்பதாம் பக்கத்தில் கண்ணயர்ந்த நேரம், சன்னாசி கிளட்சைப் பூட்டி முடித்துவிட்டான். விழித்தவர் பார்த்தார்.

"ஆர் உன்னைப் பூட்டச் சொன்னது?"

"அடுத்தது அதுதானுங்களே ஐயா..."

"நான் வாசிச்சனானோ? கழட்டு."

கழற்றினான். அவர் பதினோராம் பக்கத்தை வாசித்தார். அதே கிளட்சை அதே மாதிரி மறுபடி பூட்டினான். அன்றைக்குக் கடைசி பஸ் போய்விட்டது, எட்டு மைல் நடந்தான். கிராணியாருக்கு அந்த இரவு நல்ல தூக்கம்.

இன்னொன்றும் இருந்தது. அந்த வீட்டில் சன்னாசிக்கென்று ஒரு பால்டின். கெட்டிப்பால் வந்த காலி டின். பின்சுவரில் ஆணியில் தொங்கும். தேநீர் நேரத்தில் அவன் அதை எடுத்து நீட்டுவான், கிராணியாரின் மனைவி அன்னபாக்கியம் ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றுவாள். குடித்துவிட்டு அவனே கழுவி அவனே மாட்ட வேண்டும். வீட்டு மனிதர் யாரும் அதைத் தொடமாட்டார்கள். தொட்டால் குளிக்க வேண்டும். தோட்டத்துக் கிராணி வீடுகளில் அந்தக் காலத்து வழக்கம் அது, இந்த வீட்டில் எண்பத்திரண்டிலும் அது மாறவில்லை. சன்னாசியும் அதைக் குறையாக நினைத்ததில்லை, நினைக்கப் பழகவில்லை என்பதுதான் சரி.

வெஸ்பா என்ஜினுக்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்த ஆயில்தான் பிஸ்டனுக்கு வழுக்கல் கொடுப்பது. கலக்காமல் ஓட்டினால் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு, பின்சக்கரம் ஒரே பிடியாக நின்றுவிடும். அளந்து ஊற்ற ஒரு பாத்திரம் வேண்டுமே என்று சன்னாசி கேட்டான்.

"என்ரை வீட்டுச் சாமானிலையோ ஆயில் அளக்கப் போறாய்? உனக்குத்தான் ஒரு டின் கிடக்கே" என்றார் கிராணியார்.

ஆக அந்த டின்னுக்குள் ஆணியால் ஒரு கோடு கீறினான். ஒரு காலன் பெட்ரோலுக்கு அந்தக் கோடு வரைக்கும் ஆயில். சோதித்துப் பார்த்த நாட்களிலெல்லாம் அதில் ஆயிலை அளந்து ஊற்றிவிட்டு, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, அதிலேயே தேநீர் வாங்கிக் குடித்தான். தேநீரில் ஆயில் வாடை வயிற்றைக் குமட்டும். வீட்டுக்கு வந்து சின்னத்தாயிடம் சொன்னபோது அவள் சோற்றுப் பானையை நங்கென்று வைத்தாள்.

"ஏன் போறீங்க? அந்த ஆளு போடமாட்டாரு லா. எத்தனை பேர அலைய விட்டவரு."

"வாக்குக் கொடுத்திருக்காருடி. பெரிய மனுசன்."

"பெரிய மனுசன்!" என்றாள் அவள்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு ஞாயிறு, மூன்றாவது உதையில் என்ஜின் பிடித்தது. புகைக்குழாயில் நீலப்புகை வந்து, சத்தம் சீராகி, தறி ஓடுகிற மாதிரி ஒரே தாளத்தில் நின்றது. கிராணியார் கைதட்டினார், அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கட்டும் என்று. "பாத்தீரோ, நான் சொன்னனானல்லோ" என்று வேலிக்கு அந்தப்புறம் குரல் கொடுத்தார். சன்னாசி பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு உள்ளுக்குள் பொங்கிய சந்தோஷம் வேலிக்கு அந்தப்புறத்தாருக்குத் தெரிய வேண்டியதில்லை.

"வாற ஞாயிறு ஆவணிச் சதுர்த்தி. காலமை பிள்ளையார் கோயிலுக்கு இதிலைதான் போறன். நீ பத்து மணிக்குக் கடுதாசியோடை வா" என்றார் கிராணியார்.

சதுர்த்திக்கு அடுத்த புதன்கிழமைதான் பதிவு இலாகாவில் கடிதத்தைக் கொடுக்கக் கடைசி நாள். கணக்கு அழகாகப் பொருந்தியது.

"ஐயா, டேங்கியில கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. புதுசா பெட்ரோல் ஊத்துனா அந்தக் கோடு வரைக்கும் ஆயில் ஊத்திருங்க. டின்னு ஆணியில இருக்கு. புது ரிங்கு, ஆயில் இல்லாம ஒரு மைலு தாங்காதுங்க."

"எனக்கோ படிப்பிக்கிறாய்? எல்லாம் புத்தகத்திலை கிடக்கு."

சதுர்த்தியன்று சன்னாசி தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். சத்தியக் கடிதத்தை மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, பஸ்ஸில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். கிராணியார் வீட்டுக்கு முன் ஒரு லோரி நின்றது. இரண்டு பேர் வெஸ்பாவை அதிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். முன்பக்கத் தகடு நசுங்கி, பூசியிருந்த சந்தனத்தின் மேல் சாக்கடைச் சேறு அப்பியிருந்தது. பின்சக்கரம் சுற்றவில்லை, இழுத்தபோது தரையில் கோடு போட்டுக்கொண்டு வந்தது.

நடந்ததை லோரிக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான். கோயில் வாசல். தேங்காய் உடைக்க நின்ற கூட்டம். கிராணியார் பட்டு வேட்டி பறக்க, ஹாரனை அடித்துக்கொண்டு வருகிறார். 'க்ரீச்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் பிடித்துக்கொண்டது, வண்டி ஒரு பக்கம், கிராணியார் ஒரு பக்கம். எழுந்தபோது வேட்டி வண்டியில் இருந்தது. பெண்டுகள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்களாம்.

வீட்டுக்குள் கிராணியார் இடது கையில் கட்டோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். வலது கைக்கு ஒன்றுமில்லை. சன்னாசி முதலில் பார்த்தது அந்த வலது கையைத்தான், அதற்காக அவனை யாரும் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் சிதம்பரநாதன் விசாரிக்க வந்து உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு பெரியவர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் கிராணியார் யார் மெச்ச வேண்டுமென்று ஆசைப்பட்டாரோ, அவர்களேதான் எல்லாரும்.

"போய்ப் பார். என்ன செய்து வைச்சிருக்கிறாய் எண்டு பாத்து வந்து சொல்" என்றார் கிராணியார்.

சன்னாசி கொட்டகைக்குப் போனான். பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை. டேங்கி மூடியைத் திறந்து விரலை விட்டு, பெட்ரோலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தான். பிசுக்கே இல்லை. நொடியில் ஆவியாகிப் போயிற்று, விரல் வறண்டு நின்றது. ஆயில் போத்தல் அவன் வைத்த இடத்தில் வைத்த அளவிலேயே இருந்தது. டின்னுக்குள் போன ஞாயிறு அவன் கழுவி மாட்டிய பிறகு ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விடியற்காலையில் தலை முழுகி, விரதம் பிடித்து, திருநீறு பூசியவர் சன்னாசி வாய் வைத்த டின்னை எப்படித் தொடுவார்? தொட்டால் மறுபடி முழுக வேண்டும். வேறு பாத்திரத்தில் அளக்கலாமென்றால், வீட்டுச் சாமானில் ஆயில் படக்கூடாதென்று அவரே சட்டம் போட்டவர். ஒருநாள் ஆயில் இல்லாவிட்டால் என்ன, ஊரில் கார்கள் ஓடவில்லையா என்று நினைத்திருப்பார். வெறும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு பிள்ளையாரைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார்.

திரும்பியபோது பின்கதவில் அன்னபாக்கியம் நின்றாள். அவளுக்கும் தெரியும். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்வாள் என்று சன்னாசி ஒரு கணம் நின்றான். அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

கூடத்துக்கும் முற்றத்துக்கும் நடுவில், அவன் எப்போதும் நிற்கிற இடத்தில், சன்னாசி கைகட்டி நின்றான்.

"என்ன பிழை?" என்று சிதம்பரநாதன் கேட்டார். "இவர் நூலிழை பிசகாமல் பூட்டினதெண்டு சொன்னாரே. நீயோ கூடநிண்டு எடுத்துக் குடுத்தது?"

"சொல்" என்றார் கிராணியார். "ஆரின்ரை பிழை?"

சன்னாசி கடிதம் இருந்த பையை நெஞ்சோடு பிடித்திருந்தான். உண்மையைச் சொன்னால் இந்தப் பெரியவர்கள் முன்னால் கிராணியார் தலை குனிய வேண்டும். தலை குனிந்த மனிதர் கையெழுத்துப் போடுவாரா? என்ஜின் வேலையில் இருபது வருஷமாக யாரும் அவனைக் குறை சொன்னதில்லை. ஆலையில் மேனேஜரே அவன் சொன்னால் மறு பேச்சுப் பேசமாட்டார். அவனுக்கென்று இருந்த ஒரே மானம் அது. அதை எடுத்து அவர் காலடியில் போட்டான்.

"என் தப்புதாங்க. ரிங்கு சரியா உக்காரலைங்க. நான்தான் அவசரப்பட்டு மாட்டிட்டேன்."

"பாத்தீரே!" என்று கிராணியார் தொடையில் தட்டினார். "பக்கத்திலை நிண்டு தலை தலையா அடிச்சனான். இவங்களுக்கு ஏறாது."

"கொலை செய்யப் பாத்திருக்கிறாய், மடையா" என்றார் சிதம்பரநாதன். மற்ற இருவரும் உச்சுக் கொட்டினார்கள். மூளை இல்லாதவனை நம்பி உயிரைக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். சன்னாசி எல்லாவற்றுக்கும் "ஆமாங்கையா" சொன்னான். ஒவ்வொரு ஆமாமும் நீலக் கார்டுக்கு ஒரு படி என்று எண்ணிக்கொண்டு சொன்னான். கால் மணி நேரம் திட்டிக் களைத்து, மோதகம் தின்று, அவர்கள் எழுந்து போனார்கள்.

கூடத்தில் இருவர் மட்டும் மிஞ்சியதும் சன்னாசி அட்டையைப் பிரித்துக் கடிதத்தை வாசற்படியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றான். கிராணியார் அதை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். ஒரு வரி விடாமல் வாசித்தார். கடைசிப் பத்திக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"பெட்ரோலை விரலிலை தேய்ச்சுப் பாத்தனியல்லோ? சன்னலுக்குள்ளாலை கண்டனான்."

சன்னாசி அந்த இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டான்.

"ஆயில் விடேல்லை எண்டு உனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு, நாலு பெரிய மனுசருக்கு முன்னாலை, கண் மூடாமல் பொய் சொன்னனி."

"உங்களுக்காகத்தாங்கையா சொன்னேன்."

"அதுதான். இஞ்சை என்ன எழுதிக் கிடக்குது தெரியுமோ? 'இவர் நம்பிக்கைக்கு உரியவர் என்று சத்தியமாகச் சொல்கிறேன்.' பொய் சொல்லுறவனுக்கு நான் எப்பிடிச் சத்தியம் பண்ணுறது? முப்பத்தைஞ்சு வருஷத்திலை ஒரு பொய்க் கடுதாசியிலை என்ரை பேனா பட்டதில்லை."

பேனாவை மூடினார். முகத்தில் கோபம் கூட இல்லை, அதுதான் கொடுமை. தாம் வெறும் பெட்ரோல் ஊற்றியதை அறிந்த ஒரே ஆண்பிள்ளை இந்தச் சன்னாசி. அவன் நீலக் கார்டு வாங்கி, வீடு வாங்கி, தலை நிமிர்ந்து இதே ஊரில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் உயிரோடு இருக்க முடியாது. மனிதனுக்குத் தன்னைக் காப்பாற்றியவன் மேல் வருகிற வெறுப்பு, அடித்தவன் மேல் கூட வராது.

"அப்ப உண்மையச் சொல்லிர்றேங்க" என்றான் சன்னாசி. "மாஸ்டர் ஐயா வீட்டுக்குப் போயி, ஆயில் ஊத்தலைன்னு..."

"போய்ச் சொல்லு. இப்பதானே அவரின்ரை முகத்துக்கு முன்னாலை உன்ரை பிழை எண்டு ஒத்துக்கொண்டனி. ஆர் நம்புவினம்?"

சன்னாசி வெள்ளைச் சட்டையோடு முற்றத்து மண்ணில் விழுந்தான். அவர் பாதத்தை நோக்கிக் கையை நீட்டினான். கிராணியார் சட்டென்று காலை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார்.

"தொடாதை! விரதம்."

நீட்டிய கை அங்கேயே நின்றது.

"நான் இங்க பொறந்தது பொய்யாங்கையா? அதையாவது சொல்லுங்க. பொய்யா?"

"ஆர் பொய்யெண்டது?" கிராணியாருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "எனக்கு நல்ல ஞாபகம். ஆடி மாசம், வெள்ளிக்கிழமை, காலமை அஞ்சரை. விடாத மழை. மூண்டாம் லயம், கடைசி வீடு. உன்ரை தாய் வேலம்மா ரெண்டு நாள் நொந்து பெத்தவள். குடையைப் பிடிச்சுக்கொண்டு வந்து எட்டிப் பாத்துப் புத்தகத்திலை பதிஞ்சதே நான்தான். ஆண் பிள்ளை, கறுவல், ஆறு றாத்தல்." கடிதத்தை வாசற்படியில் திரும்ப வைத்தார். "எடுத்துக்கொண்டு போ."

மத்தியான பஸ்ஸில் சன்னாசி வீடு வந்து சேர்ந்தான். பை நெஞ்சில் இல்லை, கையில் தொங்கியது. சின்னத்தாய் வாசலிலேயே காத்திருந்தாள். சட்டையில் மண்ணைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கேட்க வேண்டாமென்று தெரிந்தும் கேட்டாள்.

"போட்டாரா?"

சன்னாசி படியில் உட்கார்ந்தான். அவன் கார்டில் பிறந்த வருஷம் மட்டும்தான் இருந்தது. தாய் அவனுக்கு இரண்டு வயதில் செத்துப்போனவள். எந்த மாதம், எந்தக் கிழமை என்று நாற்பத்துமூன்று வருஷமாக அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

"வெள்ளிக்கிழமையாம்" என்றான். "காலையில அஞ்சரைக்கு. மழையாம்."